மேசை எவ்வளவு இறங்கும்? ஒரு செலவுக் கணக்கு

உலக நாடுகளின் இளையோர் உயரத்தைப் பற்றி 2020இல் லான்செட் இதழில் வந்த ஆய்வின்படி, 2019இல் இந்தியாவில் 19 வயது ஆணின் சராசரி உயரம் 166.5 செ.மீ., பெண்ணின் சராசரி உயரம் 155.2 செ.மீ. கடையில் கிடைக்கும் கம்ப்யூட்டர் மேசையின் உயரம் அநேகமாக 75 செ.மீ., அதாவது இரண்டரை அடி. சாப்பாட்டு மேசைக்கும் அதே உயரம்தான். கேரளத்தின் தமிழ்நாட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறையிலோ மூணாறிலோ வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பாதம் தரையில் படிந்து, தொடை மட்டமாக இருக்க, தோளைத் தளரவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கும்? ஆளின் உயரத்தில் ஏறக்குறைய 0.39 பங்கு. ஆளுக்கு ஆள் இரண்டு மூன்று செ.மீ. முன்பின் ஆகும், இஞ்சு டேப் வைத்து அவரவர் அளந்துகொள்வதே சரி. சராசரிக்கு இந்தப் பங்கு போதும். 155.2 செ.மீ. பெண்ணுக்கு முழங்கை 60.5 செ.மீ.யில் வரும். கீபோர்டின் கனம் 2 செ.மீ. கழித்தால் மேசைப் பரப்பு 58.5இல் இருக்கவேண்டும். 166.5 செ.மீ. ஆணுக்கு இதே கணக்கில் 63. கடை மேசை பெண்ணுக்கு 16.5 செ.மீ., ஆணுக்கு 12 செ.மீ. கூடுதல். கேரளத்தின் சராசரி உயரம் நாட்டுச் சராசரியைவிடச் சற்றுக் கூடுதல் என்றாலும், உயரத்தில் 2 செ.மீ. கூடினால் மேசையில் முக்கால் செ.மீ.தான் நகரும்.

பன்னிரண்டு செ.மீ. என்பது சின்ன விஷயமில்லை. கை அந்த உயரத்துக்கு ஏறவேண்டுமானால் தோள் தூக்கவேண்டும், அல்லது முழங்கையை அகட்டி வைக்கவேண்டும். மாலையில் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே வலிக்கிறது என்று தைலம் தேய்க்கிற பாதிப் பேருக்குக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். நாற்காலியை ஏற்றினால் கை சரியாகும், கால் தொங்கும்.

உயரம் மாற்றக்கூடிய பட்டறை பெஞ்சை வீட்டுக்குக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் மேசையாக்கலாமா என்ற யோசனை இந்த இடத்தில்தான் பிறக்கிறது. யோசனை நல்லதே. பெஞ்சு கனமானது, ஆடாதது, அழுக்கானால் கவலையில்லாதது. பட்டறைச் சாமானை வீட்டுக்குக் கொண்டுவந்ததில் உலகப் புகழ் பெற்றது வொர்க்மேட் என்ற மடக்கு பெஞ்சு. தென்னாப்பிரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் லோட்டஸ் எலான் காரை வடிவமைத்த ரான் ஹிக்மன், 1961இல் அலமாரி செய்துகொண்டிருந்தபோது நாற்காலியின் மேல் பலகையை வைத்து அறுத்து நாற்காலியையும் சேர்த்து அறுத்துவிட்டார். அதிலிருந்து பிறந்தது அந்த பெஞ்சு. நிறுவனங்கள் பல அதை வேண்டாம் என்று திருப்பி அனுப்பின. 1970களின் தொடக்கத்தில் பிளாக் அண்ட் டெக்கர் எடுத்துக்கொண்டது. 2011இல் ஹிக்மன் இறந்தபோது சுமார் 3 கோடி விற்றிருந்தது. கால் துண்டை மடக்கினால் ஓர் உயரம், விரித்தால் இன்னோர் உயரம் என்று அதற்கு இரண்டே நிலைதான்.

கம்ப்யூட்டர் வேலைக்கு இரண்டு நிலை போதாது. எத்தனை நிலை, எங்கிருந்து எதுவரை என்பதைப் பணத்தைத் தொடுவதற்கு முன் எழுதிக்கொள்ளவேண்டும்.

நின்று வேலை செய்யும்போது முழங்கை உயரம் ஆளின் உயரத்தில் 0.63 பங்கு. 1960களில் டிரில்லிஸ், கான்டினி இருவரும் தொகுத்த உடலளவு விகிதங்களில் உள்ள எண் இது. இன்றும் எல்லோரும் எடுத்தாளுவது. அந்தப்படி ஆணுக்கு 104.9, பெண்ணுக்கு 97.8. கீபோர்டு கனம் போக மேசை 103, 96. வெறுங்காலோடு நிற்கிற கணக்கு இது. நம் வீடுகளில் யாரும் ஷூ போட்டு உட்காருவதில்லை. ஆக, கணவன் மனைவி இருவரும் மாறிமாறி உட்கார்ந்தும் நின்றும் வேலை செய்யும் வீட்டுக்குத் தேவையான வீச்சு 58.5 முதல் 103 வரை, 44.5 செ.மீ.

ஐரோப்பாவின் அலுவலக மேசைத் தரவரையான இஎன் 527, முழுதாக ஏறி இறங்கும் மேசைக்கு 65 முதல் 125 செ.மீ. வரை கேட்கிறது. வீச்சு 60 செ.மீ. அதில் மேல்பக்கம் 22 செ.மீ. நம் சராசரி ஆணுக்கே தேவைப்படாது; வாங்கும் ஏற்றத்தில் 37 சதவீதம் சும்மா கிடக்கும். கீழ்ப்பக்கமோ நம் சராசரிப் பெண்ணுக்கு 6.5 செ.மீ. மேலேயே நின்றுவிடும். ஐகியா முன்பு விற்ற, கைப்பிடி சுற்றும் ஸ்கார்ஸ்டா மேசை 70இல் தொடங்கி 120 வரை போகும். பெண்ணுக்கு 11.5 செ.மீ. இடிக்கும், மேலே 17 செ.மீ. வீண். பட்டறைக்கென்றே செய்த பெஞ்சு நின்று வேலை பார்ப்பதற்கானது, ஆகவே இதைவிடவும் கீழே இறங்காது. விளம்பரங்கள் எல்லாம் எவ்வளவு ஏறும் என்றே பேசுகின்றன. இங்கே காசு கொடுத்து வாங்கவேண்டியது இறக்கத்தை.

இறக்கம் ஏன் அவ்வளவு அரிது என்பதற்குக் குழாய்க் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு ஸ்கொயர் பைப் கொண்ட காலை எடுத்துக்கொள்வோம். முழுக்க இறக்கினால் உள்குழாய் வெளிக்குழாய்க்குள் முழுதாகப் போய்விடும். அதற்குமேல் போக இடமில்லை, கீழே தரை. அடியில் மட்டம் பார்க்கும் போல்டுக்கு 2.6 செ.மீ., மேலே சட்டத்துக்கு 4 செ.மீ., பலகைக்கு 1.9 செ.மீ. என்று 8.5 செ.மீ. போய்விடுகிறது. மேசை 58.5க்கு இறங்கவேண்டுமானால் குழாயின் நீளம் 50 செ.மீ.தான் இருக்கமுடியும். ஏற்றும்போது உள்குழாய் குறைந்தது 15 செ.மீ. உள்ளே நிற்கவேண்டும், இல்லாவிட்டால் மேசை ஊஞ்சலாகும். 50இல் 15 போனால் ஏற்றம் 35. மேசை 93.5 வரைதான் போகும். பெண்ணுக்கு நிற்க 2.5 செ.மீ. குறை, ஆணுக்கு 9.5 செ.மீ. குறை.

மின்மேசைக்காரர்கள் இதற்குக் கண்ட வழி மூன்றாவது குழாய். இரண்டடுக்குக் கால் சுமார் 70 செ.மீ.யில் தொடங்கும், மூன்றடுக்குக் கால் சுமார் 60இல் தொடங்கும். கடையில் இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசம் பல ஆயிரம். அந்தப் பணம் பெரும்பாலும் கீழ்ப்பக்கத்துப் பத்து செ.மீ.க்காகக் கொடுப்பது.

இன்னொரு வழியும் இருக்கிறது. மேசையின் அடிமட்டத்தை 64 என்று வைத்தால் குழாய் நீளம் 55.5, ஏற்றம் 40.5, உச்சி 104.5. ஆணின் 103க்கு இது போதும். ஆண் உட்காரும்போது 1 செ.மீ. கூடுதல், அதை நாற்காலியில் சரிசெய்துகொள்ளலாம். பெண்ணுக்கு 5.5 செ.மீ. கூடுதல், நாற்காலியை அந்த அளவு ஏற்றி, காலடியில் 5.5 செ.மீ. உயரப் பலகை வைத்தால் தீர்ந்தது. மூன்றாவது குழாயின் வேலையைக் கால்பலகை செய்துவிடுகிறது.

இந்த 64–104.5 மேசையைத்தான் இனிக் கணக்குப் போடப்போகிறேன். பரப்பு 4 அடிக்கு 2 அடி. நான்கு கால், வெளியே 40×40×2 மி.மீ. ஸ்கொயர் பைப், உள்ளே 32×32×2. உள்குழாயில் 25 மி.மீ. இடைவெளியில் துளை, வெளிக்குழாயில் ஒரு துளை, நடுவே 10 மி.மீ. ஆணி.

அளவு முதலில். 40 பைப்: கால் நான்கு, தலா 55.5, ஆக 222 செ.மீ. மேல்சட்டம் 110 செ.மீ.யில் இரண்டு, 50 செ.மீ.யில் இரண்டு, ஆக 320. கூட்டினால் 542 செ.மீ. 32 பைப்: உள்கால் நான்கு, 222 செ.மீ.; பக்கவாட்டுக் குறுக்குக் கம்பி 50இல் இரண்டு, பின்பக்கம் 110இல் ஒன்று, ஆக 432 செ.மீ. கடையில் பைப் 20 அடி, அதாவது ஏறக்குறைய 6 மீட்டர் நீளமாகத்தான் கிடைக்கும். வெட்டிக் கேட்டால் கடைக்காரர் முகம் மாறும். நல்லவேளையாக இரண்டு அளவிலும் ஒவ்வொரு நீளமே போதும். எடை, எஃகின் அடர்த்தியிலிருந்து: 40 பைப் மீட்டருக்கு 2.39 கிலோ, 32 பைப் 1.88 கிலோ. ஆறு மீட்டருக்கு முறையே 14.3, 11.3 கிலோ. மொத்தம் 25.6.

விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர்க் கடை விலையை அந்த இடத்தில் போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள். அளவுகள் மாறாது.

40 பைப், 14.3 கிலோ, கிலோ 80 ரூபாய் வீதம்: 1,144
32 பைப், 11.3 கிலோ, அதே வீதம்: 904
19 மி.மீ. பிளைவுட், 8 சதுர அடி, 120 வீதம்: 960
மைக்கா, ஓரப்பட்டை, பசை: 400
ஆணி, மட்ட போல்டு, நைலான் பட்டை, திருகு: 600
பிரைமர், எனாமல்: 450
வெல்டிங் கூலி, ஒன்றரை நாள்: 1,279
வெல்டிங் ராடு, கரண்ட்: 300
ஆக மொத்தம்: 6,037 ரூபாய்

இரும்பு கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் மொத்தத்தில் 256 கூடும், இறங்கினால் அதே அளவு குறையும். அதனால் எஃகு விலை இறங்கட்டும் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

கூலிக்கு நான் எடுத்துக்கொண்ட நாளொன்றுக்கு 852.50 ரூபாய், ரிசர்வ் வங்கியின் மாநிலப் புள்ளிவிவரக் கையேட்டில் கேரள ஊரகக் கட்டுமானத் தொழிலாளிக்கு 2022–23இல் பதிவானது. அதே ஆண்டில் அகில இந்தியச் சராசரி 393.30. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போனால் கூலி குறைவு என்பது இங்கே எல்லோரும் அறிந்தது. குமுளிக்காரர் கம்பத்துக்கும், பூப்பாறைக்காரர் போடிக்கும், மறையூர்க்காரர் உடுமலைக்கும், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளத்துக்காரர் பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் பட்டறை வேலைக்குப் போவது வழக்கம். கணக்கு என்ன சொல்கிறது? அகில இந்தியச் சராசரிக் கூலிக்கே வேலை முடிந்தாலும் ஒன்றரை நாளுக்கு மிச்சம் 689 ரூபாய். மலையிறங்கி இருமுறை போய்வந்து, ஜீப்புக்கும் கொடுத்தால் அதில் எதுவும் மிஞ்சாது. ஒரு மேசைக்காக எல்லை தாண்டவேண்டாம். வேறு வேலையாகப் போகும்போது சேர்த்துச் செய்தால் லாபம். பவுடர் கோட்டிங் அடிக்கவேண்டும் என்றால் அது வேறு கதை. கோவைப் பக்கம் அதற்குப் பட்டறைகள் ஏராளம். பழைய இரும்பு பெஞ்சு தேடுகிறவர்களுக்குக் கோவையில் உக்கடம் இருக்கிறது.

வரி விஷயத்தில் எல்லைக்கு இப்போது பொருள் இல்லை. 2017 ஜூலை 1 ஜிஎஸ்டி வந்த பிறகு வாளையாற்று வணிகவரிச் சோதனைச்சாவடியில் லாரிகள் நாள்கணக்கில் நின்ற காலம் போயிற்று. மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் இ-வே பில். ஆறாயிரம் ரூபாய் மேசை அதற்கு வெகு கீழே. பைப்புக்கு இரு பக்கமும் ஒரே 18 சதவீதம். மூங்கில், பிரம்புச் சாமானுக்கு மட்டும் 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்.

6,037 ரூபாய் என்பது யாருக்கு எவ்வளவு? பாலக்காட்டில் தொழிலுறப்பு என்றும் பொள்ளாச்சியில் நூறு நாள் வேலை என்றும் சொல்லும் திட்டத்தில் 2025–26க்கு அறிவித்த நாள்கூலி கேரளத்தில் 369 ரூபாய், தமிழ்நாட்டில் 336. இந்த மேசை எல்லைக்கு இந்தப் பக்கம் 16.4 நாள், அந்தப் பக்கம் 18 நாள். இணையத்தில் மூன்றடுக்கு, இரட்டை மோட்டார் மேசை 28,000 என்று வைத்துக்கொண்டால், கேரளக் கூலியில் 76 நாள்.

இனி மேசையின் குறை. நான்கு டன் தாங்கும், அரை டன் தாங்கும் என்று பெஞ்சு விற்கிறவர்கள் சுமையைப் பற்றியே பேசுவார்கள். நம் சுமை எவ்வளவு? மானிட்டர் 5 கிலோ, சிபியு 8, யுபிஎஸ் 6, பிரிண்டர் 6, கீபோர்டும் ஸ்பீக்கரும் நோட்டும் 2, ஆக 27. மேலே நகரும் பிளைவுட் 9.2, சட்டம் 7.6, உள்கால்கள் 4.2. மொத்தம் 48 கிலோ. நான்கு ஆணிகளில் ஒவ்வொன்றுக்கும் 12 கிலோ. சாதாரண 10 மி.மீ. போல்டு ஒரு டன்னுக்கு மேல் வெட்டுப்படாமல் நிற்கும். சுமைக்காகக் காசு கொடுப்பது தண்டம்.

பயப்படவேண்டியது ஆட்டத்துக்கு. 40 பைப்பின் உள்ளகலம் 36 மி.மீ. அதற்குள் 32 பைப் போனால் 4 மி.மீ. இடைவெளி. உள்ளே பெரிய பைப் போட்டு அதைக் குறைக்கமுடியாது, வெளிப்பைப்பின் உட்புறத்தில் வெல்டு வரி ஒன்று புடைத்திருக்கும், 35க்கு மேல் எதை நுழைத்தாலும் அது பிடிக்கும். 15 செ.மீ. பிடிப்பில் 4 மி.மீ. தளர்வு என்றால், 55.5 செ.மீ. உள்குழாயின் மேல்நுனி ஏறக்குறைய 15 மி.மீ. அசையும். உச்சியில் வைத்து என்டர் தட்டினால் மானிட்டர் தலையாட்டும். உள்குழாயின் கீழ்நுனியிலும் வெளிக்குழாயின் வாயிலும் நைலான் பட்டை ஒட்டித் தளர்வை 0.5 மி.மீ.க்குக் கொண்டுவந்தால் அசைவு 2 மி.மீ.க்குள் வந்துவிடும். வெல்டு வரி இருக்கும் முகத்தில் பட்டையை நடுவில் பிளந்து ஒட்டவேண்டும். அதோடு ஒவ்வொரு வெளிக்காலிலும் ஒரு நட்டை வெல்டு வைத்து, பக்கத்திலிருந்து போல்டால் இறுக்கினால் லேத்து மேசை மாதிரி நிற்கும். பட்டியலில் 600 ரூபாய் வரியில் பெரும்பகுதி இதற்குத்தான். இதில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

துளைகளும் நேரம் தின்னும். 40.5 செ.மீ. ஏற்றத்துக்கு 25 மி.மீ. இடைவெளியில் 17 நிலை. நான்கு காலுக்கு 68, வெளிக்குழாய்க்கு 4, மொத்தம் 72 துளை, ஒவ்வொன்றும் இரு சுவர் ஊடுருவி. கை டிரில்லில் போட்டால் கோணும், நான்கு காலும் ஒரே மட்டத்தில் நிற்காது. நிற்கிற டிரில் இருக்கும் பட்டறையாகப் பார்க்கவேண்டும்.

ஏற்றுவது எப்படி? ஒரு முனையைத் தூக்கினால் 24 கிலோ. ஒரு நிலை உயர்த்தி ஆணி போட்டு, மறுமுனைக்குப் போய் அங்கே ஒரு நிலை. 64இலிருந்து 103க்குப் போக 16 நிலை. இரு முனைக்குமாக 32 தடவை தூக்கவேண்டும். சிபியுவையும் யுபிஎஸ்ஸையும் தரையில் ஒரு பலகையில் வைத்தால் 14 கிலோ குறையும், ஒரு முனைக்கு 17 கிலோ. அப்போதும் தினம் யாரும் செய்யப்போவதில்லை. முதல் வாரம் செய்வார்கள்.

கைப்பிடி சுற்றும் திருகு வைக்கலாம். எம்16 சாதா மறையில் ஒரு சுற்றுக்கு 2 மி.மீ.; 39 செ.மீ.க்கு 195 சுற்று. லேத்தில் 4 மி.மீ. சதுர மறை கடைந்து வாங்கினால் 98 சுற்று. நான்கு காலையும் ஒருசேர ஏற்றச் செயினோ பல்சக்கரமோ வேண்டும். செலவு மேசையின் விலையையே தாண்டிவிடும். அந்த நிலையில் மோட்டார் மேசை வாங்கிவிடுவதே புத்திசாலித்தனம்.

மோட்டார் என்றதும் கரண்ட் பில்லை நினைத்துப் பலர் தயங்குகிறார்கள். 48 கிலோவை 39 செ.மீ. தூக்க 183 ஜூல் போதும். மோட்டாரும் பல்சக்கரமும் முக்கால் பங்கை வீணாக்கினாலும் ஒரு தடவைக்கு 0.0002 யூனிட். தினம் இரண்டு தடவை, வருடம் 300 நாள்: 0.12 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்றால் வருடத்துக்கு 86 காசு. ஆனால் பிளக்கில் மாட்டியபடி சும்மா நிற்கும்போது அரை வாட் இழுத்தால் வருடத்துக்கு 4.38 யூனிட், 31 ரூபாய். மேசை ஏறி இறங்குவதைவிடச் சும்மா இருப்பதற்கு 36 மடங்கு கரண்ட். இரண்டையும் கூட்டினாலும் 120 வாட் டெஸ்க்டாப் தினம் ஆறு மணி நேரம் ஓடி 300 நாளில் எரிக்கும் 216 யூனிட்டுக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் மலையில் மின்சாரம் போனால் மேசை போன இடத்திலேயே நிற்கும் என்பதுதான் உண்மையான தொல்லை.

ஆணி மேசையில் நிற்கமுடியாவிட்டால் பெரிய நஷ்டமா? நிற்பதன் பலனுக்கும் எண் உண்டு. 2018இல் 46 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், நிற்பதற்கும் உட்கார்வதற்கும் வித்தியாசம் நிமிடத்துக்கு 0.15 கலோரி. 65 கிலோ ஆள் தினம் ஆறு மணி நேரம் உட்காராமல் நின்றால் 54 கலோரி கூடுதலாகச் செலவாகும். ஏறக்குறைய ஓர் இட்லி. மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பின் அதே ஆண்டுத் தொகுப்பு 34 ஆய்வுகள், 3,397 பேரை எடுத்துக்கொண்டது. ஏறி இறங்கும் மேசை கொடுத்தால் முதல் மூன்று மாதம் வரை அலுவலகத்தில் உட்காரும் நேரம் நாளொன்றுக்குச் சராசரி 100 நிமிடம் குறைகிறது. அதற்குப் பிறகு ஓராண்டுக்குள் பார்த்தால் 57 நிமிடம். மோட்டார் இருந்தே பாதிதான் மிஞ்சுகிறது. அந்த ஆய்வுகள் எல்லாமே பணக்கார நாடுகளில் நடந்தவை. தேயிலை மலையில் பகலெல்லாம் நின்று கொழுந்து கிள்ளும் பெண்ணுக்கு வீட்டு மேசையில் நிற்கச் சொல்லும் ஆலோசனை தேவையில்லை.

ஆணி மேசையின் பயன் வேறு. ஒரே வீட்டில் பல உடம்புகள் இருக்கின்றன. பள்ளிகள் மூடியிருந்த 2020 ஜூன் 1 அன்று கேரள அரசின் கைட் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் ஃபர்ஸ்ட் பெல் வகுப்புகள் தொடங்கி, பிறகு தமிழ்வழிப் பிள்ளைகளுக்கும் பாடம் வந்தபோது, எல்லைப்புறத்து வீடுகளில் அப்பாவின் மேசை பிள்ளையின் பள்ளிக்கூடமானது. 2023 ஜூன் 5 தொடங்கிய கேரள அரசின் கே-ஃபோன் இணையத் திட்டம், ஏழைக் குடும்பங்களுக்குத் தொகுதிக்கு நூறு வீதம் முதலில் 14,000 இலவச இணைப்பு என்று அறிவித்தது. வீட்டுக்குள் கம்ப்யூட்டர் நிலைத்துவிட்டது. மேசை மட்டும் இரண்டரை அடியிலேயே நிற்கிறது. ஒரு வருடத்துக்கு ஒரு தடவையோ, வீட்டில் முக்கியமாகப் பயன்படுத்துகிறவர் மாறும்போதோ ஆணியை மாற்றினால் போதும். அதற்கு 32 தூக்கல் அதிகமில்லை, தம்பியைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

பெஞ்சு என்றதும் தடித்த பலகையும் இழுப்பறையும் நினைவுக்கு வரும். இரண்டும் வேண்டாம். மேசை 64இல் நிற்கும்போது பலகை 1.9, சட்டம் 4 போக அடியில் 58.1 செ.மீ. இடம். 166.5 செ.மீ. ஆணுக்கு நாற்காலி 41, தொடைக் கனம் 14 என்றால் 55 ஆகிறது. மிச்சம் 3 செ.மீ. பலகையை இரண்டு அடுக்காக ஒட்டி 3.8 ஆக்கினால் மிச்சம் 1.2. பத்து செ.மீ. இழுப்பறை வைத்தால் கால் உள்ளேயே போகாது. பழைய பட்டறை பெஞ்சை அப்படியே கொண்டுவந்து வைத்தவர்கள் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து வேலை செய்வது இதனால்தான். பேனா, சார்ஜர் எல்லாம் சுவரில் ஒரு தட்டுக்குப் போகட்டும்.

பலகை பற்றிச் சுருக்கமாக. சின்னாறு மழைமறைவுப் பக்கம் வருட மழை 500 மி.மீ. அளவுதான், பீர்மேட்டில் அதைப்போலப் பல மடங்கு. சித்தூர்த் தாலுகாவின் கிழக்குப் பகுதி வறண்டது. வறண்ட பக்கம் எந்த பிளைவுட்டும் நிற்கும். பீர்மேடு, மூணாறு பக்கம் பார்ட்டிகிள் போர்டு வாங்கினால் இரண்டு மழைக்காலத்தில் ஓரம் பூரித்துவிடும். பெரும்பாவூர்ப் பலகைதான் இங்கே எங்கும் வருகிறது. கடையில் 710 என்று கேட்டால் நீர் தாங்கும் தரத்தைக் காட்டுவார்கள். தோட்டத்தில் மிளகுக் கொடி ஏற்றிய சில்வர் ஓக் விழுந்துகிடந்தால் அறுத்துக் காயவைத்துப் போடலாம். மறையூர்ச் சந்தனத்தைப் பற்றி யாரும் கனவு காணவேண்டாம்.

கொண்டுபோவதற்கும் எடைக் கணக்கு உதவும். இரு பக்கச் சட்டங்கள் தலா 5.7 கிலோ, மேல்சட்டம் 7.6, பலகை 9.2, பின்கம்பி 2.1, திருகு சாமான் ஒன்றரை. மொத்தம் 32 கிலோவுக்குள். மேல்சட்டத்தையும் பின்கம்பியையும் வெல்டு வைக்காமல் போல்டில் நிறுத்தினால், எல்லாம் கழன்று 4 அடிக்கு 2 அடி கட்டாகிவிடும். ஜீப்பின் தலையில் ஏறும். லயத்து வீட்டின் குறுகிய வாசலுக்குள்ளும் நுழையும்.

வெட்டிய பிறகு 32 பைப்பில் 165 செ.மீ. மீதம் இருக்கும். 40க்கு 30 செ.மீ. சட்டம் ஒன்று செய்ய 140 செ.மீ. போதும். பைப்பின் 3.2, மேலே ஒரு துண்டுப் பலகை 1.9, அடியில் ரப்பர் 0.4: மொத்தம் 5.5 செ.மீ. பெண்ணுக்கு வேண்டிய கால்பலகை அதே உயரத்தில், வெல்டிங்காரர் கையோடு செய்து கொடுத்தால் செலவில்லாமல் வந்துவிடும். 138 செ.மீ. உயரப் பிள்ளைக்கு மேசை 52இல் இருக்கவேண்டும், ஆகவே கால்பலகை 12 செ.மீ. அதே சட்டத்தின் மேல் 9 மி.மீ. பிளைவுட் துண்டுகளில் ஏழு அடுக்கித் திருகினால் ஏறக்குறையச் சரியாக வரும். பிள்ளை இரண்டரை செ.மீ. வளர்ந்தால் மேசைத் தேவை ஏறக்குறைய 1 செ.மீ. ஏறும். அப்போது மேலிருந்து ஒரு துண்டைக் கழற்றிவிடவேண்டும்.